ஐந்தாம் தெருவுக்கு வழி

அன்றைக்கு நாவல்மேடு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த விதம் இது. தலைவர் கங்கம்மாள் மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலியில். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். எந்தப் பக்கம் சாய்ந்தால் கவிழ்க்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அதற்குப் போட்டி கிடையாது. செயலர் வசந்தகுமார் மேசைக்கும் பீரோவுக்கும் நடுவே, வயிற்றை எக்கிக்கொண்டு. ஏரிக்கரைத் தெரு சின்னப்பொண்ணு வாசற்படியில், பாதி உடம்பு கூட்டத்திலும் பாதி உடம்பு வெளியே மேயும் தன் ஆடுகளிடமுமாக. லோகேஷ் சுவரோரம் தரையில். ஒரகடம் கிடங்கொன்றில் ராத்திரி முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு நேரே வந்தவன், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றிருந்தான். அவன் மனைவி கலைமதி தண்ணீர்க் கேன் பக்கத்து பெஞ்சின் நுனியில். பெஞ்சின் மற்ற இடமெல்லாம் நாவல்மேடு பத்தாண்டு வளர்ச்சித் திட்டம் உட்கார்ந்திருந்தது. வழவழ அட்டை போட்டு, கட்டுக் கட்டாக அச்சடித்து வந்திருந்த அதை நகர்த்திவிட்டு உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

வசந்தகுமார் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்தான். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. முதலாம் ஆண்டின் முதல் வேலையாக ஐந்தாம் தெருவுக்கு சிமெண்ட் சாலை, மூடிய மழைநீர்க் கால்வாய், தெருவிளக்குகள். இடத்தைக் காலி செய்து காட்டினால் வேலை தொடங்கும். அந்தக் கால்வாயோடு சேர்த்துத்தான் ஊரின் மற்ற கால்வாய்களும் ஏரிக்குப் போய்ச் சேரும்; அதன் பிறகுதான் நூலகம், பிள்ளைகள் காப்பகம், ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நிழற்குடை.

கங்கம்மாள் விரல் விட்டு எண்ணினார். "கோயில் தெரு, மாதா கோயில் தெரு, நடுத்தெரு, ஏரிக்கரைத் தெரு. அவ்ளோதானே? அஞ்சாந்தெரு எங்கப்பா கீது?"

"படத்துல கீதும்மா."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைவரின் தலைக்கு மேலேயே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஊரின் வரைபடம் தொங்கியது. போன தை மாதம் திட்டம் போட வந்த பயிற்சியாளர் அம்மா, "உங்க ஊரை உங்களைவிட யாருக்குத் தெரியும், நீங்களே தரையில் வரையுங்கள்" என்று பள்ளிக்கூட மைதானத்தில் மாவுக் கிண்ணத்தை நீட்டியபோது, ஊரே கலைமதியைக் கை காட்டியது. மார்கழிக் கோலப் போட்டியில் வருஷா வருஷம் குக்கர் வாங்குகிறவள் அவள்தான். மைதானத்தை அடைத்து அவள் வரைந்த ஊரை மொட்டை மாடியில் ஏறிப் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைபடம் தயாரித்து, வண்ணம் கொடுத்து, கிராம சபையில் காட்டினார்கள். எவ்வளவு அழகான ஊர் என்று எல்லோரும் கை தட்டினார்கள். தெருக்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது எண்ணினார்கள். நடுவில் நடுத்தெரு. இந்தப் பக்கம் கோயில் தெருவும் மாதா கோயில் தெருவும். அந்தப் பக்கம் ஏரிக்கரைத் தெரு. அதற்கும் நடுத்தெருவுக்கும் இடையில், நிஜத்தில் வீடுகளின் கொல்லைப்புறங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், நேராக, சுத்தமாக, இன்னொரு தெரு ஓடிக்கொண்டிருந்தது.

"கலை, இது இன்னாடி?" என்றாள் சின்னப்பொண்ணு.

கலைமதி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "இந்தாண்ட ரெண்டு தெரு கீது இல்ல? அந்தாண்ட ஒண்ணுதான் கீது. புள்ளி வெச்சிட்டேன், மிச்சம் நின்னுகினு இருந்துச்சு. புள்ளியை வெச்சிட்டு சேக்காம வுட முடியுமா?"

"அதுக்கு ஒரு தெருவையே போட்டுட்டியா?"

"போடலன்னா கோலம் கோணிக்கினு போயிருக்கும்கா."

வசந்தகுமார் விளக்கினான். எந்தத் தெருவுக்கு முதலில் வேலை செய்வது என்று முடிவு செய்ய மதிப்பெண் போட்டிருந்தார்கள். ரோடு இல்லாவிட்டால் மதிப்பெண், கால்வாய் இல்லாவிட்டால் மதிப்பெண், விளக்கு இல்லாவிட்டால் அதற்கும். ஐந்தாம் தெருவில் ரோடும் இல்லை, கால்வாயும் இல்லை, விளக்கும் இல்லை. தெருவே இல்லாததால் எல்லா மதிப்பெண்ணும் வாங்கி அது ஊரிலேயே ரொம்பவும் பின்தங்கிய தெருவாக முதலிடம் பிடித்துவிட்டது.

லோகேஷுக்கு இங்கே தூக்கம் கலைந்தது. "இருப்பா. அந்த ரோடு எது வழியா போவுது?"

வசந்தகுமார் படத்தின் மேல் ஸ்கேலை வைத்தான். ஸ்கேல் முதலில் சின்னப்பொண்ணின் ஆட்டுக் கொட்டகை மேல் ஏறியது. அடுத்து கலைமதியின் வீட்டுப் பின்னால் இருக்கும் இரண்டு தகர ஷீட் ரூம்களின் மேல். கடைசியாக, ஏரிக்குச் சற்று முன்னால், தலைவர் கங்கம்மாள் புதிதாகக் கட்டியிருந்த குளியலறையின் மேல் போய் நின்றது.

அந்தக் கொல்லைப்புறம் யாருடைய பட்டாவிலும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"கொட்டகையை எடுத்துட்டு ஆட்டை எங்க கட்டுவேன், உன் கோலத்துலயா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"அந்த ரெண்டு ரூமும்தான்கா எங்க வூட்டுக்கு முதுகெலும்பு" என்றான் லோகேஷ். அதுவும் உண்மைதான். கிடங்கில் அவனுக்கு வேலை நிரந்தரம் கிடையாது. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அவன் வீட்டில் உட்காருவான். அப்போதெல்லாம் அடுப்பு எரிவது அந்த ரூம்களின் வாடகையில்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர், முத்துச்செல்வியும் மாடத்தியும், செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே குடியிருந்தார்கள்.

கங்கம்மாள் குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியை ஆடாத பக்கம் சாய்த்து, "அப்படி ஒரு தெருவே இல்லன்னு எழுதிடுப்பா. உண்மையைச் சொல்றதுல இன்னா தப்பு?" என்றார்.

"எழுதலாம்மா. ஆனா படத்துல ஒண்ணு தப்புன்னா திட்டமே தப்புன்னு மொத்தத்தையும் திருப்பிடுவாங்க. மறுபடி சர்வே, மறுபடி கிராம சபை, மறுபடி வரிசையில கடைசி ஆளா நிக்கணும்."

"நிப்போம். பத்து வருஷத் திட்டம்தானே, கொஞ்சம் பொறுத்து ஆரம்பிச்சா பொறுத்து முடியப் போவுது."

கலைமதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ரூம் பிழைத்தது. நூலகம், நிழற்குடை எல்லாம் இத்தனை நாள் இல்லாமல்தானே ஊர் ஓடியது. திங்கட்கிழமை தலைவர் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை அனுப்புவது என்று கூட்டம் கலைந்தது. போகும்போது சின்னப்பொண்ணு மட்டும் படத்தைத் திரும்பிப் பார்த்து, "என் வூட்டை ரொம்பச் சின்னதா போட்டுகிற" என்று கலைமதியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கலைமதி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கத்தரிக்காய் கொஞ்சம், மாங்காய் கொஞ்சம். வாசம் பின்பக்கம் போனதும் முத்துச்செல்வி கிண்ணத்தோடு வந்து நின்றாள். அதற்கு எப்போதும் அழைப்பு தேவைப்பட்டதில்லை.

"யக்கா, நம்ம ரூமு மேல ரோடு வரப் போவுதாமே. மாடத்தி கேட்டுட்டு வந்து சொல்லுதா."

"வராது. எழுதி நிறுத்திட்டோம்."

"அப்போ அந்தக் காவாயும் வராதோ?"

"அதுவும்தான் வராது. ஏன்டி, உனக்கு ரூம் வேணுமா, காவா வேணுமா?"

முத்துச்செல்வி குழம்பை முகர்ந்து பார்த்தாள். "எங்கூர்ல இதுல ஒரு துண்டு தேங்கா அரைச்சு ஊத்துவாவ. நீங்க புளிய மட்டும் நம்பி இருக்கிய."

"ஊத்துற கிண்ணத்தை நீட்டிகினே குத்தம் சொல்ற பாரு" என்றாள் கலைமதி. லோகேஷ் சிரித்தான். ரூம் நிற்கிறது என்ற நிம்மதியில் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுசாய ஆரம்பித்த மழை விடவில்லை. ஒரகடம் பக்கம் மழை என்றால் வானத்திலிருந்து வருவதைவிட கிடங்குகளின் கூரையிலிருந்து வருவதுதான் அதிகம். முன்பு வயலாக இருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த நிலமெல்லாம் இப்போது தகரமும் கான்கிரீட்டுமாகி, விழுந்ததை விழுந்தபடியே ஊருக்குள் தள்ளிவிடும். விடிந்தபோது கம்பெனி பஸ் ராத்திரி ஷிஃப்ட் முடிந்த அந்தப் பெண்களை ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போயிருந்தது. செருப்பைக் கையில் பிடித்து, சுடிதாரை முழங்காலுக்குச் சுருட்டி, இருவரும் வந்து ரூம் கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து முதலில் ஒரு பிளாஸ்டிக் குடம் மிதந்து வந்து, கதவைத் திறக்கக் காத்திருந்தது போல வெளியே போயிற்று. பின்னாலேயே மாடத்தியின் தலையணை.

கலைமதி சொம்போடு ஓடிவந்தாள். மூன்று பேரும் மொண்டு ஊற்றினார்கள். மொண்ட தண்ணீர் வாசலைச் சுற்றிக்கொண்டு அடுத்த ரூமுக்குள் போனது.

"இது வருஷா வருஷம் வர்றதுதானே" என்றாள் கலைமதி, மூச்சு வாங்கிக்கொண்டு. "ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்."

முத்துச்செல்வி சொம்பைக் கீழே வைத்தாள். வைத்த சொம்பும் மிதந்தது. "யக்கா, கோவப்படாதிய. படப்பையில ஒரு ஆஸ்டல் பாத்து வச்சிருக்கோம். போன மழைக்கே போயிருப்போம். உங்க கொழம்புக்காவத்தான் இருந்துட்டோம். காவா வருதுன்னு திட்டத்துல போட்டிருக்குன்னு சொன்னிய, சரி இருப்போம்னு நெனச்சோம். இப்ப அதுவும் இல்லங்கிய."

கலைமதிக்குக் கோபம் வரவில்லை. ரூம் நிற்கும், ஆனால் உள்ளே ஆள் இருக்கமாட்டார்கள். ஆள் இல்லாத ரூமுக்கு வாடகையைத் தண்ணீரா தரும்?

"நான் ரூமை இடிச்சிட்டா?" என்றாள் திடீரென்று.

"இடிச்சிட்டு?"

"முன் வூட்டு மேல மாடியில ஷீட் போட்டுத் தந்தா இருப்பீங்களா? வெயில்ல வெந்து போவீங்கடி."

"வேவலாம்க்கா. மெதக்கத்தான் முடியல" என்றாள் மாடத்தி, தலையணையைப் பிழிந்துகொண்டு.

கலைமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் போகும் வழியே நடந்தாள். அது அவள் வீட்டோடு நிற்கவில்லை. மேலே சின்னப்பொண்ணின் கொட்டகையில் நுழைந்து, ஆடுகளைச் சுவர் மேல் ஏற்றிவிட்டு, கலைமதியின் ரூம்களைக் கடந்து, வேலிகளுக்கும் சுவர்களுக்கும் இடுக்கில் ஒரே நேராக ஓடி, கங்கம்மாளின் குளியலறைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வழிந்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. சாலை போடுகிறவர்கள்கூட இவ்வளவு நேராகப் போட மாட்டார்கள்.

குளியலறை வாசலில் தலைவர் கங்கம்மாள், வாளியும் கையுமாக, முழங்கால் தண்ணீரில் நின்றார். பின்னாலேயே சின்னப்பொண்ணு ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"தலைவரம்மா, குளிச்சிகினு கீறீங்களா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"வாயை மூடு. என் பையன் குன்றத்தூர்ல கடை கடையா அலைஞ்சு வாங்கின டைல்ஸு. ரோஸ் கலரு. எல்லாம் பேத்துகினு பூடுச்சு."

"அப்போ இடிக்க ஆள் கூலி மிச்சம்" என்றாள் கலைமதி.

"யாரு இடிக்கிறது?"

"நாமதான். தண்ணி எங்க போவுதுன்னு பாருங்க. இதான் அஞ்சாந்தெரு. நாம இதுமேல உக்காந்துகினு இல்லன்னு எழுதப் போறோம்."

"நேத்து வரைக்கும் ரூமு ரூமுன்னு அழுதவளா நீ?"

"ரூமுல குடியிருக்க ஆளு வேணுமே. மீனையா வாடகைக்கு வெக்க முடியும்?" கலைமதி குரலைத் தாழ்த்தவில்லை. "நான் ரெண்டையும் எடுத்துடறேன். சின்னப்பொண்ணக்கா கொட்டகையை முன்வாசலுக்கு மாத்திக்கட்டும், நம்மாளு கம்பம் நட்டுத் தருவாரு. நீங்க இதை எடுத்துட்டீங்கன்னா காவா நேரா ஏரிக்குப் போவும். நீங்க எடுக்கலன்னா நாங்க எடுத்து ஒண்ணியும் ஆவாது. உங்க வூட்டாண்ட வந்து குளம் கட்டும்."

கங்கம்மாள் ஏரியைப் பார்த்தார், ரோஸ் டைல்ஸைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அடுத்த தேர்தலையும் பார்த்திருக்கக்கூடும். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "ஊருக்குத் தலைவரா கீறவ குளிக்க எங்கடி போவேன்?"

"எங்க வூட்டுக்கு வாங்க, போர் தண்ணி ஜில்லுன்னு வரும்" என்றாள் சின்னப்பொண்ணு. தலைவரைத் தன் வீட்டு பாத்ரூம் வாசலில் சோப்பு டப்பாவோடு காத்திருக்க வைக்கும் காட்சி அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கொட்டகையைக் கொடுக்க அவள் சம்மதித்தது அந்த இடத்தில்தான்.

இந்த நேரத்தில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வசந்தகுமார் வந்தான். ஏரிக்கரைத் தெரு முனையில் இடுப்பளவு தண்ணீர். நுழைய முடியாமல், எங்கே மேடு தெரிகிறதோ அங்கே தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே வந்து சேர்ந்திருந்தான். ஐந்தாம் தெருவில் ஓடிய முதல் வாகனம் அது. பிளாஸ்டிக் கவருக்குள் வைத்த கடிதத்தைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான்.

"தலைவரம்மா, கையெழுத்து. அப்படி ஒரு தெரு இல்லன்னு."

"நீ இப்போ எது வழியாப்பா வந்த?" என்று கேட்டார் கங்கம்மாள்.

வசந்தகுமார் திரும்பிப் பார்த்தான். தலைக்கு மேல் பிடித்திருந்த கடிதத்தைக் கீழே இறக்கினான்.

புதுக் கடிதம் கலைமதியின் முன் வீட்டில், கட்டிலில் அரிசி மூட்டையைச் சாய்த்து, அதன் மேல் அட்டை வைத்து எழுதப்பட்டது. ஈரத்தில் வந்தவர்களுக்கு முத்துச்செல்வி சுக்குக் காபி போட்டாள். இந்த முறை அவள் சொன்னபடி கருப்பட்டி. லோகேஷ் எழுந்து வந்து நடந்ததைக் கேட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு ரூமையுமா?"

"ரெண்டையும்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"நீ தூங்கிகினு இருந்த. கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

அவன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. "மாடிக்கு ஷீட் நான் ஏத்திடுவேன். ஆனா படி கட்டணும்" என்றான். கலைமதி அவன் கையில் காபியைக் கொடுத்தாள்.

கடிதத்தில்தான் சிக்கல். ஐந்தாம் தெரு இருக்கிறது என்று எழுதலாம் என்றார் கங்கம்மாள். திட்டத்தில் இருக்கிறது, படத்தில் இருக்கிறது, இனி எழுத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும். வசந்தகுமார் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டான். நாளைக்கு யாராவது பார்க்க வந்தால் ஆட்டுக் கொட்டகையைக் காட்டித் தெரு என்று தன்னால் சொல்ல முடியாது. இல்லை என்று எழுதினால் திட்டம் திரும்பும். இருவரும் இருக்கிறது, இல்லை என்று மாறி மாறி இழுத்ததில் காபி ஆறிப்போனது.

"நான் சொல்றேன், எழுதுப்பா" என்றாள் கலைமதி. ஆறாம் வகுப்பில் விடுப்புக் கடிதம் எழுதியதற்குப் பிறகு அவள் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. அப்போதுபோலவே நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வசந்தகுமார் அதைக் கடிதத் தமிழாக்கிக்கொண்டே எழுதினான்.

ஐயா, எங்கள் ஊரில் ஐந்தாம் தெரு என்று ஒன்று இதுவரை இல்லை. வரைபடத்தில் அது வந்தது நான் கோலம் போட்டதால். ஆனால் மழைநீர் ஒவ்வொரு வருடமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. நாங்கள்தான் குறுக்கே இருக்கிறோம். கீழே கையெழுத்திட்ட மூன்று வீட்டாரும் எங்கள் பின்பக்கத்தை நாங்களே எடுத்துவிட்டு இடம் விடுகிறோம். தை பிறப்பதற்குள் அங்கே தெரு இருக்கும். திட்டத்தைத் திருப்ப வேண்டாம். ஆளை அனுப்பவும். வருகிறவர் ஏரிக்கரைத் தெருவில் நின்று கூப்பிட்டால் போதும்.

"'கோலம் போட்டதால்' வேணாங்க்கா" என்றான் வசந்தகுமார். "அலுவலகக் கடிதத்துல கோலம் எல்லாம்..."

"எழுதலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும், தெரு எங்கிருந்து வந்துச்சுன்னு? எழுது."

கங்கம்மாள் கையெழுத்துப் போட்டார். இரண்டு முறை; தலைவராக ஒன்று, வீட்டுக்காரராக ஒன்று. வீட்டுக்காரராகப் போடும்போது பேனா கொஞ்சம் நின்று நின்று போனது. சின்னப்பொண்ணு முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டி, தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள். கலைமதி கடைசியாகப் போட்டாள். போட்ட பிறகு ஜன்னல் வழியே அந்த இரண்டு ரூம்களின் கூரையை ஒரு தரம் பார்த்தாள். போன வருஷம்தான் ஷீட் மாற்றினார்கள். பழுதில்லாமல் கழற்றினால் மாடிக்கு ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

உறைக்குள் போட்டார்கள். ஈரக்காற்றில் பசை பிடிக்கவில்லை. கலைமதி சோற்றுக் குண்டானைத் திறந்து நாலு பருக்கை எடுத்து, நசுக்கித் தடவி, உறையை மூடி, அதன் மேல் அரிசி மூட்டையைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தாள். பெறுநர் முகவரியை வசந்தகுமார் எழுதினான். அனுப்புநர் என்று எழுதிவிட்டு, "ஊராட்சி அலுவலகம்னு போட்டுடறேன்" என்றான்.

"இல்லப்பா. என் பேரைப் போடு. கதவு நம்பர் ஒண்ணு, அஞ்சாந்தெரு, நாவல்மேடு."

"அக்கா, அப்படி ஒரு விலாசமே இல்லையே. பதில் வந்தா போஸ்ட்மேன் எங்க தேடுவாரு?"

"தேடட்டும். அவரு தேடறப்போ தெரு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாருன்னா நமக்கு அசிங்கம். அந்த அசிங்கத்துக்கு பயந்தாவது தலைவரம்மா டைல்ஸைப் பேத்துடுவாங்க."

கங்கம்மாள் காபித் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் வீட்டில் கடப்பாரை எங்கே கிடக்கிறது என்று யோசிக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

வசந்தகுமார் எழுதினான். அந்தத் தெருவின் பெயரை ஓர் உறையின் மேல் எழுதிய முதல் ஆள் என்பதால் அழகாகவே எழுதினான். லோகேஷ் உறையைப் பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டி, படப்பை தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று, மழையிலேயே வண்டியை எடுத்தான்.